கோச் எப்போது பார்க்கிறார்?

கேள்வி: என் மகன் மாட்டுங்காவில் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறான். கபடி நன்றாக ஆடுவான். கிரிக்கெட்டில் ஸ்பின் போடுவான். நல்ல காலேஜ் டீமில் இடம் வேண்டுமென்றால் வீடியோ எடுத்து, எடிட் பண்ணி, கோச்சுகளுக்கு அனுப்ப வேண்டும் என்று யூடியூபில் ஒருவர் சொல்கிறார். எங்கள் மைத்துனரோ, “ஒரே ஒரு பெரிய ஸ்கோர் அடிக்கட்டும், பேப்பரில் வரும், அவர்களே தேடி வருவார்கள்” என்கிறார். தாராவிக்கு யார் தேடி வருவார்கள்? காலேஜ் கோச்சுகள் பையன்களை உண்மையில் எப்படித்தான் கண்டுபிடிக்கிறார்கள்? கபடி, கிரிக்கெட் இரண்டில் எதை விடச் சொல்வது?
— ஒரு தகப்பனார், 90 அடி சாலை, தாராவி

பதில்: உங்கள் கேள்வியிலேயே பாதிப் பதில் இருக்கிறது, ஐயா. “யார் தேடி வருவார்கள்” என்று கேட்டீர்கள் பாருங்கள், அது சரியான சந்தேகம். யாரும் வரமாட்டார்கள். தாராவி என்பதால் அல்ல. பாந்த்ராவுக்கும் கொலாபாவுக்கும்கூட அப்படி யாரும் போவதில்லை.

முதலில் மைத்துனரின் கட்சியைப் பார்ப்போம். பெரிய ஸ்கோர் பெயர் வாங்கித் தரும் என்பதற்கு இந்த ஊரைவிடப் பெரிய சாட்சி கிடையாது. 1988 பிப்ரவரியில் ஆசாத் மைதானத்தில், ஹாரிஸ் ஷீல்டு பந்தயத்தில் (16 வயதுக்கு உட்பட்ட பள்ளி மாணவர்களுக்கான கோப்பை அது), சாரதாஷ்ரம் பள்ளிக்காக சச்சினும் வினோத் காம்ப்ளியும் பிரியாமல் 664 ரன் சேர்த்தார்கள். சச்சின் 326, காம்ப்ளி 349, இருவருமே அவுட் இல்லை. இந்தக் கதை எல்லோருக்கும் தெரியும். ஆனால் அன்று அடி வாங்கிய செயின்ட் சேவியர்ஸ் பள்ளியின் பந்துவீச்சாளர்களில் சாயிராஜ் பஹுதுலே என்ற லெக் ஸ்பின்னரும் ஒருவர் என்பது பலருக்குத் தெரியாது. அந்தப் பையன் காணாமல் போய்விடவில்லை. மும்பைக்குப் பல ஆண்டுகள் ஆடினார், இந்தியாவுக்காக டெஸ்டும் ஆடினார். ஸ்கோர்போர்டு மட்டும் பார்ப்பவருக்கு அன்று அவர் பூஜ்யம்தான். பந்து கையை விட்டுப் போகும் விதத்தைப் பார்க்கத் தெரிந்தவருக்கு அப்படித் தெரிந்திருக்காது.

இதன் மறுபக்கம் 2016 ஜனவரியில் கல்யாணில் நடந்தது. பண்டாரி கோப்பைப் பந்தயத்தில் பிரணவ் தனவாடே என்ற 15 வயது மாணவர் 1009 ரன் அடித்து அவுட் ஆகாமல் நின்றார். உலகப் பத்திரிகைகளெல்லாம் எழுதின. மும்பை கிரிக்கெட் சங்கம் மாதம் 10,000 ரூபாய் உதவித்தொகை அறிவித்தது. ஆனால் எதிரணி எடுத்த மொத்த ஸ்கோர்கள் 31, 52. அனுபவமுள்ள கோச் 1009 என்ற எண்ணைப் பார்த்ததும் கேட்கும் கேள்வி, “யாருக்கு எதிராக? எந்த மைதானத்தில்? பவுண்டரி எவ்வளவு தூரம்?” என்பதுதான். அடுத்த ஆண்டே ஆட்டம் சரிந்தபோது, உதவித்தொகையை நிறுத்திவிடலாம் என்று பிரணவின் தந்தையே சங்கத்துக்கு எழுதினார். பிள்ளையின் திறமையில் நான் குறை சொல்லவில்லை. ஒரே ஒரு எண், அது எவ்வளவு பெரிதாக இருந்தாலும், ஒரு பதினைந்து வயதுப் பையனின் தோளில் வைக்கக்கூடிய பாரம் அல்ல.

அடுத்தது யூடியூப்காரர். அவர் சொல்வது பொய்யல்ல. அமெரிக்காவுக்கு அது பொருந்தும். அங்கே கல்லூரி விளையாட்டை நடத்தும் என்.சி.ஏ.ஏ. என்ற அமைப்பின் கீழ், கோச்சுக்கு ஆள் சேர்ப்பதே ஒரு முழுநேர வேலை. எந்தத் தேதியிலிருந்து ஒரு பள்ளி மாணவரோடு பேசலாம் என்பதற்குக்கூட விதி உண்டு. மாணவர் ஆயிரம் மைல் தள்ளி இருப்பார், ஆகவே வீடியோ வேண்டும். டெல்லியில் வளர்ந்த தமிழ்ப்பிள்ளை தேஜஸ்வின் சங்கர் அந்த வழியில் போனவர்தான். 2016 நவம்பரில் கோயம்புத்தூரில் நடந்த தேசிய ஜூனியர் போட்டியில் உயரம் தாண்டுதலில் 2.26 மீட்டர் தாண்டி, பள்ளி மாணவராக இருக்கும்போதே தேசியச் சாதனையை உடைத்தார். மறு ஆண்டு கான்சாஸ் ஸ்டேட் பல்கலைக்கழகம் உதவித்தொகையோடு சேர்த்துக்கொண்டது. 2018-லும் 2022-லும் அமெரிக்கக் கல்லூரிச் சாம்பியன் ஆனார். ஆனால் உயரம் தாண்டுதலில் 2.26 என்றால் கோயம்புத்தூரிலும் கான்சாஸிலும் ஒரே உயரம். கபடியில் எட்டுப் புள்ளி எடுத்தான் என்றால் யாரைத் தொட்டு எடுத்தான் என்று கேட்க வேண்டியிருக்கிறது. மேலும் கபடிக்கோ கிரிக்கெட்டுக்கோ என்.சி.ஏ.ஏ. சாம்பியன்ஷிப் கிடையாது. உங்கள் மகனைப் பார்க்க வேண்டிய கோச், பக்கத்திலேயே மாட்டுங்காவில் உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு வீடியோ அனுப்புவதைவிட நடந்து போவது சீக்கிரம்.

இனி, யாரும் ஏன் தேடி வருவதில்லை என்பதன் உண்மையான காரணத்துக்கு வருகிறேன். இதைப் புரிந்துகொள்ள ஒரு காலண்டர் போதும்.

தமிழ்நாட்டில் இருக்கும் உறவினர்கள் சொல்லக்கூடிய ஆலோசனை இங்கே ஏன் பொருந்துவதில்லை என்பதும் இதில் விளங்கும். தமிழ்நாட்டில் பிளஸ் டூ வரை பள்ளிக்கூடம். அங்கே கல்லூரிக்கு வருகிறவனுக்கு 17, 18 வயது. மகாராஷ்டிரத்தில் பதினொன்றும் பன்னிரண்டும் பெரும்பாலும் ஜூனியர் காலேஜில். ஆகவே இங்கே ஒருவன் “காலேஜ் பையன்” ஆகும்போது அவனுக்கு 15 அல்லது 16 வயதுதான். மீசை அரும்பும் முன்பே முடிவு எடுத்தாக வேண்டும்.

இப்போது மாதங்களைப் பாருங்கள். பள்ளிகளுக்கான டி.எஸ்.ஓ. போட்டிகள் (மாவட்ட விளையாட்டு அதிகாரி அலுவலகம் நடத்துபவை, மாவட்டம், விபாக் எனப்படும் மண்டலம், மாநிலம், தேசியம் என்று படிப்படியாக மேலே போகும்) மழைக்காலத்தில் தொடங்கிக் குளிர்காலத்துக்குள் முடியும். பள்ளிக் கிரிக்கெட்டின் ஜைல்ஸ், ஹாரிஸ் ஷீல்டுகள் தீபாவளிக்குப் பிறகான கிரிக்கெட் சீசனில் நடக்கும். மார்ச் வாக்கில் பத்தாம் வகுப்புத் தேர்வு. முடிவு வந்த பிறகு, மே, ஜூன் வாக்கில்தான் பதினொன்றாம் வகுப்புச் சேர்க்கை. அதாவது கோச் ஆட்டத்தைப் பார்க்க முடிகிற மாதங்களில் அவர் கையில் இடம் இல்லை. இடம் வருகிற மாதங்களில் ஆட்டம் இல்லை, கோடையும் மழையும்தான். அந்த இடமும் அவர் பாக்கெட்டில் இல்லை. சேர்க்கை இணையதளம் வழியாக நடக்கிறது. விளையாட்டு ஒதுக்கீட்டில் பெயர் வர வேண்டுமென்றால் சான்றிதழ் வேண்டும். கோச் ஆசைப்பட்டால் மட்டும் போதாது.

பார்க்கும் மாதத்துக்கும் சேர்க்கும் மாதத்துக்கும் நடுவே கிட்டத்தட்ட அரை ஆண்டு இருக்கிறது. இந்த இடைவெளியைத் தாண்டிப் போகக்கூடியவை இரண்டுதான். ஒன்று, யாருடைய மனத்திலாவது தங்கியிருக்கும் ஞாபகம். இன்னொன்று, ஃபைலில் இருக்கும் காகிதம். நம் வீடுகளில் சம்பந்தம் பேசும் முறைதான் இது: ஜாதகத்தை ஒருபக்கம் பார்ப்பார்கள், அக்கம்பக்கத்தில் ஒருபக்கம் விசாரிப்பார்கள். கோச் செய்வதும் அவ்வளவே.

விசாரிப்பதை முதலில் எடுத்துக்கொள்வோம், அதில்தான் சுவாரசியம். கல்லூரியில் உடற்கல்வி இயக்குநர் பெரும்பாலும் ஒரே ஒருவர்தான். மும்பைக் கல்லூரிகளில் விளையாட்டுத் துறைக்கே “ஜிம்கானா” என்று பெயர். அந்த ஜிம்கானா அறையில் உட்கார்ந்து அவர் பல விளையாட்டுகளைக் கவனிக்க வேண்டும். கபடிக்கும் கிரிக்கெட்டுக்கும் கோச்சாக வருகிறவர்கள் பல இடங்களில் பழைய மாணவர்கள், பகுதிநேரமாக வருகிறவர்கள். இவர்கள் எத்தனை பள்ளி மைதானங்களுக்குப் போக முடியும்? ஆகவே பிறரிடம் கேட்பார்கள். “இந்த வருஷம் யாரிடம் கஷ்டப்பட்டீர்கள்?” என்று கேட்பார்கள். இந்தக் கேள்வியை உங்கள் மகனின் பள்ளி பி.டி. சாரிடம் கேட்க மாட்டார்கள். அவர் தம் பையனைப் புகழ்வார் என்பது தெரிந்ததே. எதிரணி கோச்சிடம் கேட்பார்கள், அம்பயரிடம் கேட்பார்கள், ஸ்கோரரிடம் கேட்பார்கள்.

எதிரணி என்றதும் தினேஷ் லாட் நினைவுக்கு வருகிறார். போரிவிலியில் சுவாமி விவேகானந்தா பள்ளியின் கோச். 1999-ல் ஒரு கோடை முகாம் போட்டியில் எதிரணிக்காக ஆஃப் ஸ்பின் போட்டுக்கொண்டிருந்த பையனைப் பார்த்து, “எங்கள் பள்ளிக்கு வருகிறாயா?” என்று கேட்டார். மாதக் கட்டணம் 275 ரூபாய். அந்தக் குடும்பத்தால் கட்ட முடியாது. லாட் பள்ளி நிர்வாகத்திடம் பேசிக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்ய வைத்தார். பையன் ரோஹித் சர்மா. கவனியுங்கள், அவரை எடுத்தது பந்துவீச்சுக்காக. பேட்டிங் தெரியும் என்பதை லாட் பிறகுதான் கண்டுபிடித்தார். சில ஆண்டுகள் கழித்து அதே லாட், தம் பள்ளிக்கு எதிராக ரன்னும் அடித்து விக்கெட்டும் எடுத்த இன்னொரு வெளியூர்ப் பையனைப் பிடித்துப் போட்டார். பால்கரிலிருந்து ரயிலில் வந்து போவது கஷ்டம் என்றதால் தம் வீட்டிலேயே தங்க வைத்தார். அந்தப் பையன் ஷர்துல் தாக்கூர். இரண்டு முறையும் கண்ணில் பட வைத்தது சொந்த கோச்சின் சிபாரிசு இல்லை. எதிரே நின்று பார்த்த கோச்சின் கண்தான்.

மூத்த ஆட்டக்காரர்களும் இப்படி ஞாபகத்தைச் சுமந்து செல்கிறவர்கள். அஜித் வாடேகர் இஞ்ஜினியர் ஆக நினைத்து எல்ஃபின்ஸ்டன் கல்லூரியில் சேர்ந்தவர். பஸ்ஸில் கூடப் போன சீனியர் பாலு குப்தே (பின்னாளில் இந்தியாவுக்கு ஆடிய லெக் ஸ்பின்னர்), “டீமுக்குப் பன்னிரண்டாவது ஆள் குறைகிறது, வருகிறாயா? மேட்ச்சுக்கு மூன்று ரூபாய் கிடைக்கும்” என்றார். தண்ணீர் கொண்டு கொடுக்கப் போனவர், 1971-ல் மேற்கிந்தியத் தீவுகளையும் இங்கிலாந்தையும் அவர்கள் மண்ணிலேயே வென்ற இந்திய அணியின் கேப்டன். டிரையலா, வீடியோவா, ஒன்றுமில்லை. பஸ்ஸில் பக்கத்தில் யார் உட்கார்ந்திருந்தார் என்பதுதான்.

இதை அதிர்ஷ்டம் என்று ஒதுக்கிவிட வேண்டாம். அந்த பஸ்ஸில் இடம் பிடிக்க வழி உண்டு. அதுதான் கிளப். பள்ளிக்கூடத்தில் உங்கள் மகன் தன் வயதுக்காரர்களோடு மட்டும் ஆடுகிறான். கிளப்பில் கல்லூரிப் பையன்கள், ரயில்வேயிலும் வங்கியிலும் வேலை பார்ப்பவர்கள், நாற்பது வயதுக்காரர்கள் எல்லோரும் இருப்பார்கள். மாட்டுங்காவின் தாட்கர் மைதானத்தில் ஆடிய தாதர் யூனியன் கிளப்பில் கவாஸ்கர், வெங்சர்க்கார் போன்றவர்கள் மாதவ் மந்திரி, வாசு பராஞ்சபே போன்ற மூத்தவர்களின் கண் முன்னே வளர்ந்தார்கள். கிரிக்கெட்டில் இன்னொரு வசதியும் இருக்கிறது. 1948-லிருந்து நடக்கும் காங்கா லீக் மழைக்கால லீக். சேற்றில், ஈரப் பிட்சில் ஆடுவது. கல்லூரிச் சேர்க்கை சூடுபிடிக்கும் பருவத்தை ஒட்டி, பள்ளிப் பையனும் பெரியவர்களும் ஒரே அணியில் நிற்கும் போட்டி இது. கீழ் டிவிஷனில் ஒரு கிளப்புக்கு ஆடினாலும் போதும். பாஸ்கெட்பால் பிள்ளைகளுக்கு மாட்டுங்கா இந்தியன் ஜிம்கானாவும், டான் பாஸ்கோ பள்ளியின் சாவியோ கோப்பையும் இந்த வேலையைச் செய்கின்றன. கபடிக்குக் கேட்கவே வேண்டாம், லால்பாக், பரேல் பக்கம் மண்டலுக்கு மண்டல் (வட்டாரச் சங்கங்கள்) அணி உண்டு.

அடுத்தது காகிதம். இதை நம் குடும்பங்கள் அலட்சியம் செய்வதுபோல வேறெதையும் செய்வதில்லை. கோப்பையைக் கண்ணாடி அலமாரியில் வைப்பார்கள், சான்றிதழை மழையில் நனைய விடுவார்கள். சேர்க்கையில் கோப்பைக்கு மதிப்பே கிடையாது. எந்த நிலையில் ஆடினான், ஜெயித்தானா, கலந்துகொண்டானா, அந்தப் போட்டியை நடத்தியது அங்கீகாரம் பெற்ற அமைப்பா, இவ்வளவுதான் பார்ப்பார்கள். கணபதி மண்டல் நடத்திய போட்டியின் ஆளுயரக் கோப்பையைவிட, டி.எஸ்.ஓ. மாவட்டப் போட்டியின் ஒற்றைத் தாள் கனமானது. பத்தாம் வகுப்பிலேயே விளையாட்டு வீரர்களுக்குச் சலுகை மதிப்பெண்ணும் இதே தாளை வைத்துத்தான்.

தமிழர்களாகிய நமக்கென்று தனியாக ஒரு தொல்லை உண்டு. இங்கே எல்லாப் படிவமும் தன் பெயர், அப்பா பெயர், குடும்பப் பெயர் என்று மூன்றைக் கேட்கும். நம்மிடம் இருப்பது ஒரு இனிஷியலும் ஒரு பெயரும். ஆதாரில் ஒரு மாதிரி, பள்ளிப் பதிவேட்டில் ஒரு மாதிரி, சான்றிதழில் எழுதியவர் கேட்டபடி இன்னொரு மாதிரி. ஜூன் மாதத்தில் “இவன் வேறு ஆள்” என்று கம்ப்யூட்டர் சொல்லும்போது வாதாட நேரம் இருக்காது. இப்போதே மூன்றையும் ஒன்றாக்கிவிடுங்கள். பிறந்த தேதியும் அப்படியே. கிரிக்கெட்டில் 16 வயதுக்கு உட்பட்டோர் பிரிவில் வயதைக் காகிதத்தோடு விடுவதில்லை, டி.டபிள்யூ.3 என்ற முறையில் இடது மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து எலும்பின் வளர்ச்சியைப் பார்த்து வயதைக் கணிக்கிறார்கள். ஆகவே “ஒரு வயது குறைத்துப் போட்டால் நல்லது” என்று யாராவது யோசனை சொன்னால் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள். பணம் கொடுத்தால் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் சீட் வாங்கித் தருகிறேன் என்பவருக்கு டீயும் வேண்டாம்.

ஞாபகமும் காகிதமும் இருந்தும் சில பிள்ளைகளுக்குக் கதவு திறப்பதில்லை. ஏன் என்று கேட்பீர்கள். கோச் நல்ல ஆட்டக்காரனைத் தேடுவதில்லை, காலியான இடத்துக்கு ஆள் தேடுகிறார். அவர் அணியில் மூன்று ஓப்பனர்கள் இருந்தால் நான்காவது ஓப்பனர் எவ்வளவு அழகாக ஆடினாலும் பெஞ்சுதான். கபடியில் களத்தில் ஏழு பேர். ஊரில் எல்லாப் பையனும் ரைடர் ஆகத்தான் ஆசைப்படுகிறான், டிவியில் காட்டுவது அவனைத்தானே! ஓரத்தில் நின்று கணுக்காலைப் பிடித்து நிறுத்தும் கார்னர் டிஃபென்டருக்கு எப்போதும் பஞ்சம். உங்கள் மகன் எந்த இடத்தில் ஆடுகிறான் என்று எழுதவில்லை. ஓரத்தில் நின்று பிடிப்பது அவனுக்குக் கைவருமானால் அதை வளர்க்கச் சொல்லுங்கள்.

கல்லூரிக்கு இதில் என்ன லாபம் என்பதும் தெரிந்திருக்கட்டும். ஜூனியர் காலேஜ் அணி 19 வயதுக்கு உட்பட்டோருக்கான டி.எஸ்.ஓ. போட்டியில் ஆடும். பட்ட வகுப்பில் மும்பைப் பல்கலைக்கழகத்தின் கல்லூரிகளுக்கிடையிலான போட்டிகள். பதினொன்றில் வருகிறவன் ஒழுங்காகப் படித்தால் ஐந்து ஆண்டுகள் இருப்பான். “ஒழுங்காகப் படித்தால்” என்பதில்தான் சிக்கல். வருகைப்பதிவு குறைந்து டிஃபால்டர் லிஸ்டில் பெயர் வந்தவன், ஏ.டி.கே.டி. (தவறிய பாடங்களைச் சுமந்தபடி அடுத்த வகுப்புக்குப் போகும் ஏற்பாடு) மேல் ஏ.டி.கே.டி. வாங்குபவன் முக்கியமான மேட்ச் அன்று பரீட்சை ஹாலில் இருப்பான். இதில் சூடு கண்ட கோச்சுகள் பத்தாம் வகுப்பு மார்க்கையும் கேட்பார்கள். எண்பது எதிர்பார்க்க மாட்டார்கள். தட்டுத் தடுமாறிப் பாஸ் என்றால் யோசிப்பார்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது இது. பத்தாம் வகுப்புத் தேர்வுக்கு முன், ஜனவரி வாக்கில், மகனை அழைத்துக்கொண்டு கல்லூரி ஜிம்கானா அறைகளுக்கு நேரில் போங்கள். ருயியாவும் போதாரும் ஒரே பகுதியில் இருக்கின்றன, கால்சா கிங்ஸ் சர்க்கிள் பக்கம், எஸ்.ஐ.இ.எஸ். சயானில், வி.இ.எஸ். செம்பூரில். இரண்டு மூன்று சனிக்கிழமைகளில் முடிந்துவிடும். ஒரே பக்கத்தில் பெயர், பிறந்த தேதி, உயரம், எடை, ஆடும் இடம், ஆடிய போட்டிகள், பி.டி. சாரின் எண், கிளப் பெயர். பேச வேண்டியவன் மகன். நீங்கள் வாசலில் நின்றால் போதும். அப்பா பேசப் பேச பையன் சிறுத்துப் போவதை எல்லா கோச்சும் பார்த்திருப்பார்கள். “உங்கள் டீமில் அடுத்த வருஷம் எந்த இடம் காலி, டிரையல் எப்போது?” என்று அவன் கேட்டாலே அவர் நிமிர்ந்து பார்ப்பார். வீடியோ கேட்டால் காட்டலாம், ஆனால் பாட்டுப் போட்டு வெட்டி ஒட்டியது வேண்டாம். தொடர்ச்சியாகப் பத்து நிமிட ஆட்டம், தப்புகளோடு. எஸ்.ஐ.இ.எஸ்.ஸில் மறக்காமல் இன்னொன்றும் விசாரியுங்கள். 1932-ல் மாட்டுங்காவில் தென்னிந்தியர்கள் தொடங்கிய அந்தச் சங்கத்தின் கல்லூரிகளுக்குத் தமிழ் மொழிச் சிறுபான்மைத் தகுதி உண்டு. விளையாட்டு ஒதுக்கீடு கைகொடுக்காவிட்டாலும் தாய்மொழி வழியாகவே உள்ளே போக முடியலாம்.

கடைசியாக, எதை விடச் சொல்வது? பத்தாம் வகுப்பு முடியும் வரை எதையும் விட வேண்டாம். ஸ்பின்னருக்குத் தேவையான பொறுமையும் கபடிக்காரனின் கால்வேகமும் ஒன்றுக்கொன்று பகை இல்லை. செலவென்று பார்த்தால் கபடிக்கு ஷூவும் முட்டிக் கவசமும் போதும், கிரிக்கெட் கிட் உங்கள் மாத பட்ஜெட்டைக் கேட்கும். கபடியில் ஒரு விஷயம் மட்டும் கவனம்: பள்ளிப் பிரிவுகளில் எடை வரம்பு இருக்கிறது. பதினைந்து வயதில் பையன்கள் ஒரே மே மாத விடுமுறையில் நாலு கிலோ ஏறிவிடுவார்கள். சீசன் தொடங்கும் முன் எடை பார்த்து, வரம்பு எவ்வளவு என்று பி.டி. சாரிடம் கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.